ஊருக்குள் ஒழுங்காக ஓடிய கார் நாலுவழிச்சாலையில் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

பங்குனி உத்திரத்துக்கு முந்தின இரண்டு நாளும், முடிந்த மறுநாளும் நெல்லையில் என் பட்டறையில் ஒரு சைக்கிள் நிறுத்தக்கூட இடம் இருக்காது. சென்னை, கோவை, பெங்களூரு என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் குலசாமியான சாஸ்தாவைக் கும்பிட குடும்பத்தோடு வந்திறங்கும் நேரம். வருகிறவர்கள் சொல்லும் கதையும் அநேகமாக ஒன்றுதான்: "அண்ணாச்சி, ஊருக்குள்ள நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. மதுரை தாண்டினதும் சவம் ஆரம்பிச்சிட்டு."

வண்டி மதுரையில் கெடவில்லை. ஆபீசுக்கும் வீட்டுக்கும் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்வரும் வண்டி தன் நோவை வெளியே காட்டாது. 100 கிலோமீட்டர் வேகத்தில், ஏசி போட்டு, ஐந்து பேரும் சாமான்களும் ஏறி, வெயிலில் இரண்டு மணி நேரம் ஓடினால்தான் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பிக்கும். கீழே இருப்பது, என்ன சொல்கிறது என்று பார்த்துக் காரணம் தேடும் வரிசை. காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், காசு பிடுங்குவது கடைசியில்.

எந்தக் கோளாறானாலும் முதல் வேலை

இடது ஓர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே வண்டியை முழுவதுமாக இறக்குங்கள். நான்கு இண்டிகேட்டரும் மின்னட்டும். ஆட்களை இடது பக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். கோளாறான வண்டிக்குள் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்து. முக்கோணப் பலகையைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள், இரவென்றால் இன்னும் தள்ளி. நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அடிபட்டிருந்தால் 108. அதற்குப் பிறகு பானெட்டைத் திறக்கலாம்.

அறிகுறி 1: சூட்டு முள் மேலே ஏறுகிறது

சித்திரை, வைகாசியில் எனக்கு வரும் வேலையில் பெரும்பங்கு இதுதான். முள் பாதியைத் தாண்டியதும் ஏசியை அணையுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். உள்ளே வேகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுத்து வெளியே விடும். அப்படியும் ஏறினால், அல்லது சிவப்பு விளக்கு வந்தால், அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்ற கணக்கே வேண்டாம். நிறுத்தி அணையுங்கள். கயத்தாறில் ஒரு ஹோஸ் கிளிப்போடு முடிய வேண்டிய வேலை நெல்லைக்கு வரும்போது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றும் வேலையாக மாறியதை நான் வருஷத்துக்கு நாலு தடவையாவது பார்க்கிறேன்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. திறந்தால் முகத்தில் பீய்ச்சும். அரை மணி நேரம் கழித்து, மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கிறதா என்று பார்த்துவிட்டு, துணி போட்டுப் பைய திருகுங்கள்.

*1அ. டோல்கேட் வரிசையில் ஏறுகிறது, ஓட்டினால் இறங்குகிறது*

ஃபேன் ஓடவில்லை. ஓடும்போது காற்று தானாக அடிப்பதால் தெரியாது. சாலைப்புதூர் டோல்கேட்டிலோ நாங்குநேரி டோல்கேட்டிலோ பத்து நிமிஷம் நின்றால் தெரிந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள், முன்னால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே (ஃபேனுக்குக் கரன்ட் விடும் சின்ன சுவிட்ச் டப்பி). ஃபியூஸ் பெட்டிக்குள் அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் மாற்றிக் குத்திப் பாருங்கள், பல வண்டிகளில் அதோடு சரியாகிவிடும். அடுத்து ஃபேனுக்குப் போகும் ஒயர் சாக்கெட். அதுவும் சரி என்றால் மோட்டார் போயிருக்கும், அது பட்டறை வேலை. சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றலாம். விரலை உள்ளே விடாதீர்கள்.

*1ஆ. வேகமாக ஓடும்போது ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது*

முதலில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவையின் அளவு. எஞ்சின் ஆறியிருக்கும்போது டப்பாவில் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். அடுத்து ரேடியேட்டரின் முகம். முன் கிரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள்: பூச்சி, சேறு, வைக்கோல், ஒரு தடவை முழு பாலிதீன் பை. இந்த அடைப்பைக் கையால் எடுத்தாலே பாதி வண்டி சரியாகும். அதற்கடுத்து ரேடியேட்டர் மூடியின் ரப்பர், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், கடைசியில் ரேடியேட்டருக்குள் படிந்த உப்பும் வாட்டர் பம்பும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து வண்டிகளில் ரேடியேட்டர் குழாய்க்குள் சுண்ணாம்பு அப்பியிருப்பதைப் பார்த்தால் போர் தண்ணீர் ஊற்றியது என்று நான் சொல்லிவிடுவேன். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், ஆனால் ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். கலந்தே விற்கும் கூலன்ட், இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் கலந்தது. வழியில் வேறு வழியே இல்லை என்றால் கடையில் விற்கும் பாட்டில் தண்ணீர் ஊற்றலாம், ஊர் வந்ததும் மாற்றிவிட வேண்டும். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டக் கூடாது, இரும்பு வெடிப்பு விடும்.

*1இ. கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, தரையில் சொட்டு இல்லை*

ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். பால் கலந்த காப்பி மாதிரி நுரை, சைலன்சரில் தித்திப்பான வாடையோடு நிற்காத வெள்ளைப் புகை, கூலன்ட் டப்பாவில் குமிழி: இதில் ஒன்று இருந்தாலும் ஹெட்டுக்கு அடியில் கூலன்டும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். கையை எடுங்கள். வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

*1ஈ. மேலே இருந்த முள் சட்டென்று கீழே விழுகிறது*

சூடு குறைந்துவிட்டது என்று பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள். சென்சாரைத் தொடுவதற்குத் தண்ணீரே உள்ளே இல்லாமல் போயிருக்கலாம். உடனே நிறுத்துங்கள்.

அறிகுறி 2: ஆட்டம், நடுக்கம்

*2அ. 80க்கும் 100க்கும் இடையில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறது*

முன் சக்கரத்தில் எடைச் சமநிலை போயிருக்கிறது. பேலன்சிங் செய்யக் கொடுக்கும் முன்னால் சக்கரத்தின் உள்பக்கம் குனிந்து பாருங்கள். மழைக்குப் பிறகு வயல்காட்டுப் பாதையில் போன வண்டியில் ரிம்முக்குள் ஒரு கைப்பிடி களிமண் காய்ந்து ஒட்டியிருக்கும். குச்சியால் சுரண்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள், நடுக்கம் போயிருந்தால் செலவு ஒன்றுமில்லை. இல்லை என்றால் பேலன்சிங். சில நூறு ரூபாயில் முடியும். அதன் பிறகும் ஆடினால் ரிம் வளைந்திருக்கும்.

*2ஆ. ஸ்டீயரிங் சும்மா இருக்கிறது, சீட் நடுங்குகிறது*

அதே நோய், பின் சக்கரத்தில். முன் இரண்டை மட்டும் பேலன்சிங் செய்துவிட்டு "இன்னும் ஆடுது அண்ணாச்சி" என்று வருபவர்கள் உண்டு. நான்கையும் செய்யுங்கள்.

*2இ. பிரேக் பிடித்தால் மட்டும் நடுங்குகிறது*

முன் பிரேக் டிஸ்க் சீராக இல்லை. வேகத்தில் அடிக்கடி பிரேக் பிடித்துச் சூடேறிய டிஸ்க்கோடு தேங்கிய தண்ணீரில் இறக்குவது இதற்கு ஒரு காரணம். வீல் நட்டை ஒழுங்கில்லாமல் இறுக்குவது இன்னொன்று. டிஸ்க்கைக் கடைய முடியுமா, மாற்ற வேண்டுமா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

*2ஈ. தப் தப் என்று அடிக்கிறது, வேகம் கூடினால் அதிகமாகிறது*

இதற்கு மட்டும் பயப்பட வேண்டும். நிறுத்தி, நான்கு டயரையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், உள்பக்கச் சுவரையும் சேர்த்து. புடைப்பு, கட்டி மாதிரி வீக்கம் இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அந்த டயரில் இனி ஒரு கிலோமீட்டரும் வேகமாகப் போகக் கூடாது, ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

டயரின் வயதைச் சுவரிலேயே படிக்கலாம். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 3520 என்றால் 2020ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. பட்டன் (தரையில் பதியும் ரப்பர் மேடு) நிறைய இருக்கிறது, அதனால் டயர் நல்லது என்று சொல்பவர்களிடம் நான் இந்த எண்ணைத்தான் காட்டுவேன். வெயிலில் நின்றே கிழடாகும் பண்டம் அது. ஐந்தாறு வருஷம் ஆகி, சுவரில் மயிரிழை வெடிப்பும் இருந்தால் ஊர்ச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சென்னைப் பயணத்துக்கு வேண்டாம். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் எதற்குமே வேண்டாம்.

*2உ. ஆட்டம் இல்லை, "ஊஊ" என்ற முழக்கம் மட்டும்*

சாலை மாறினாலும் சத்தம் மாறவில்லை, ஆனால் லேசாக வளைக்கும்போது கூடிக் குறைகிறது என்றால் வீல் பேரிங். உடனே கழன்று விடாது என்றாலும் நீண்ட பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.

அறிகுறி 3: வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

மழைத்தண்ணீர் வடியச் சாலை இடப்பக்கம் கொஞ்சம் சரிந்துதான் இருக்கும். ஸ்டீயரிங்கை விட்டால் பைய இடதுபக்கம் போவது நோவு இல்லை.

ஆனி, ஆடியில் நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கம் மட்டும் இழுத்தால் அது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருவது. அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டிருக்கிறார்கள்? வடக்கு நோக்கித் திரும்பி வரும்போது கூடுதல் கவனம் வேண்டும். அப்போது காற்று இடப்பக்கம் இருக்கும். ஒரு கண்டெய்னர் லாரியை முந்தும்போது அது காற்றை மறைத்துக்கொள்ளும், நீங்களும் அறியாமல் ஸ்டீயரிங்கைத் தளர்த்தியிருப்பீர்கள். லாரியின் மூக்கைத் தாண்டிய நொடியில் காற்று மொத்தமாக வந்து வண்டியை நடுத்தடுப்பின் பக்கம் தள்ளும். 80க்குக் கீழே வாருங்கள், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும். மேலே சாமான் கட்டிய வண்டியை இன்னும் மோசமாக உலுக்கும்.

காற்றும் இல்லை, சாலையும் சமம் என்றால்:

முதலில் டயர்க் காற்று. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் எவ்வளவு என்று எழுதியிருக்கும். முழு ஆள், சாமானுக்குத் தனி அளவு போட்டிருந்தால் அதை எடுங்கள். காலையில், வண்டி ஓடும் முன் பார்க்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடிச் சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும். "அதிகமா இருக்கு" என்று காற்றை இறக்கிவிட்டால், ஆறியதும் குறைவாகிவிடும். வெடிப்பதற்குப் பயந்து காற்றைக் குறைத்து ஓட்டுவது இங்கே பலருக்குப் பழக்கம். அது தலைகீழ். காற்று குறைந்த டயர்தான் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும்.

அடுத்து ஒட்டிக்கொண்ட பிரேக். இருபது கிலோமீட்டர் ஓட்டி, கூடியவரை பிரேக் பிடிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதுதான். இதோடு ஓட்டக் கூடாது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கடைசியில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம். ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்துவிட்டு முன் டயரின் உள் ஓரத்தைப் பாருங்கள். உள் ஓரம் மட்டும் மொட்டையாகியிருந்தால் அலைன்மென்ட், இல்லையென்றால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் தேய்ந்திருக்கும். புஷ்ஷைப் பார்க்காமல் அலைன்மென்ட் மட்டும் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

*3அ. விடிகாலையில் மட்டும் இழுக்கிறது*

இப்படி ஒருவர் வந்தார். சென்னையில் இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாராம். விருதுநகர் தாண்டியதிலிருந்து வண்டி வலதுபக்கம் இழுக்கிறது, இரண்டு தடவை நடுத்தடுப்புப் பக்கம் போய்விட்டது என்றார். காற்று, பிரேக், அலைன்மென்ட் எல்லாம் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நின்ற அவர் வீட்டம்மாதான் சொன்னார்: "இவுகளுக்குத்தான் அண்ணே கண்ணு சொக்குச்சு. நான் ரெண்டு தடவை தட்டி எழுப்புனேன்."

சென்னையிலிருந்து இங்கே 600 கிலோமீட்டருக்கு மேல். பகல் வேலை முடித்து இரவு கிளம்பினால், ராத்திரி இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் தூக்கம் கேட்காமல் வரும். கடைசி ஐந்து கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று ஞாபகம் இல்லையென்றால் நோவு வண்டியில் இல்லை. பாட்டைக் கூட்டுவது, முகம் கழுவுவது எல்லாம் பத்து நிமிஷம்தான் தாங்கும். விளக்கு வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்தி, ஒரு காப்பி குடித்துவிட்டு இருபது நிமிஷம் கண்ணை மூடுங்கள். நீங்கள் முழிக்கும்போது காப்பியும் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும்.

அறிகுறி 4: பிரேக் சரியில்லை

*பெடல் பாதியில் முட்டுகிறது:* கீழே குனிந்து பாருங்கள். உருண்டு வந்த தண்ணீர் பாட்டில், சுருண்ட மேட். சிரிக்காதீர்கள், இது உண்மையாகவே நடக்கிறது.

*மலை இறக்கத்தில் பெடல் மெத்தென்று ஆகிறது:* செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு போய் வருபவர்கள் இதைச் சொல்லக் கேட்பேன். நியூட்ரலில் விட்டு பிரேக்கிலேயே இறங்கினால் சூட்டில் பிடிமானம் போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நிறுத்தி ஆறவிட்டால் திரும்ப வந்துவிடும். அடிக்கடி இப்படி ஆனால் பிரேக் ஆயில் பழசு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

*கரகர என்று இரும்பு உரசுகிறது:* டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேடு தீர்ந்தது. இன்றைக்கே மாற்றினால் பேடோடு போகும், அடுத்த வாரம் என்றால் டிஸ்க்கும் சேரும்.

*மிதித்துப் பிடித்தால் பெடல் தானாகக் கீழே இறங்குகிறது, அல்லது கல் மாதிரி இறுகிவிட்டது:* ஓட்டாதீர்கள். பக்கத்து ஊர் வரைக்கும்கூட வேண்டாம்.

அறிகுறி 5: டீ குடித்துவிட்டு வந்தால் செல்ஃப் எடுக்கவில்லை

ஒரே ஒரு "டக்", அல்லது "டக டக டக" என்று சத்தம், விளக்கு மங்குகிறது: பேட்டரி டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் 10 நம்பர் ஸ்பேனரால் இறுக்குங்கள். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் கழற்றி, டீக்கடையில் வெந்நீர் வாங்கி ஊற்றித் துடைத்து மாட்டுங்கள். கழற்றும்போது கறுப்பு முதலில், மாட்டும்போது கறுப்பு கடைசியில்.

அப்படியும் இல்லையென்றால் பேட்டரி இறங்கிவிட்டது. கியர் வண்டியைத் தள்ளி இரண்டாவது கியரில் எடுக்கலாம். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளிப் பிரயோஜனம் இல்லை. ஜம்பர் ஒயர் என்றால் வரிசை முக்கியம்: இறந்த பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனை உங்கள் எஞ்சினின் வெற்று இரும்பில்.

எடுத்த பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13க்குக் கீழே என்றால் ஓடும்போது பேட்டரிக்குக் கரன்ட் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் தரவில்லை. புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் இறங்கும். எலெக்ட்ரீசியனிடம் போங்கள்.

அறிகுறி 6: கருகல் வாடை

தித்திப்பாக அடித்தால் கூலன்ட் ஒழுகுகிறது, அறிகுறி 1க்குப் போங்கள்.

காகிதம் கருகின மாதிரி அடித்தால் கிளட்ச். தேரிக்காட்டுச் சாஸ்தா கோயில்களுக்குப் போய்ச் செம்மணலில் சிக்கி, அரைக் கிளட்ச்சில் வைத்து உறுமின வண்டிகள் எல்லாம் மறுநாள் இந்த வாடையோடுதான் வரும். மணலில் முன் சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரை விடுங்கள். சக்கரத்துக்கு முன் மணலை வாரி, பனை மட்டையோ மேட்டோ போட்டு, ஆட்களைத் தள்ளச் சொல்லுங்கள். ஆறிய பிறகு வாடை இல்லை, எஞ்சின் உறுமும் அளவுக்கு வேகமும் கூடுகிறது என்றால் ஊருக்குப் போகலாம். உறுமல் மட்டும் கூடி வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் பிளேட் மாற்றாமல் திரும்பிப் போக முடியாது.

ஒயர் கருகும் வாடை என்றால் எஞ்சினை அணைத்து எல்லோரும் இறங்குங்கள். புகை வந்தால் பானெட்டை முழுதாகத் தூக்காதீர்கள், காற்றுப் பட்டுக் குப்பென்று பிடிக்கும்.

வைக்கோல் கருகும் வாடை என்றால் அது வைக்கோல்தான். சேரன்மகாதேவி, களக்காடு பக்கம் அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே கதிரையும் உளுந்துச் செடியையும் பரப்பியிருப்பார்கள், வண்டிச் சக்கரமே போரடிக்கட்டும் என்று. அதன்மேல் ஏறினால் தாள் ஆக்சிலில் கயிறு மாதிரி சுற்றி, சூடான சைலன்சர் குழாயில் பட்டுப் பற்றிக்கொள்ளும். ஓரமாக விலகிப் போக முடியாவிட்டால், தாண்டியதும் நிறுத்தி அடியில் குனிந்து பார்த்துப் பிய்த்து எறியுங்கள்.

அறிகுறி 7: பஞ்சர்

வேகத்தில் டயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரைப் பைய விட்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்கள்.

ஸ்டெப்னியை எடுத்தால் அதில் காற்று இருக்காது. இதை நான் பந்தயம் கட்டிச் சொல்வேன். கிளம்பும் முன் ஐந்தாவது டயருக்கும் காற்று பாருங்கள், ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வண்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் ஸ்டெப்னி மற்ற டயரைவிடச் சின்னது; அதன்மேல் 80 என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் போகக் கூடாது.

நட்டைத் தரையில் சக்கரம் இருக்கும்போதே தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள். மாட்டும்போது எதிரெதிராக இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, எல்லா நட்டையும் இன்னொரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். கோவில்பட்டியில் மாட்டினீர்கள் என்றால் தாழையூத்து வரும்போது.